போடாதே என்று வந்த மேகம்

வரும் பருவமழைக்கு மேக ஆய்வு விமானத்தில் ஏறப்போகிற புதியவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று உங்கள் தலைவர் போனில் கேட்டார். நல்ல வார்த்தைக்கு அவர் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். ஓய்வு பெற்று, புனேயின் வானவடியில் ஒரு அடுக்குமாடி ஜன்னலருகே உட்கார்ந்து, பழுப்பேறிப்போன வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவளிடம் என்ன நல்ல வார்த்தை இருக்கப்போகிறது? நான் வேலைக்குச் சேர்ந்தபோது காற்றில் இருந்த புகை இப்போது கூடியிருக்கிறது. மழை தாறுமாறாகிவிட்டது. இடையில் நான் செய்ததெல்லாம் அது எவ்வளவு கூடியது, எவ்வளவு கெட்டது என்று அளந்ததுதான். அளந்ததால் ஒரு பிடி தூசிகூடக் குறையவில்லை.

கருவிகளை எப்படி ஓட்டுவது என்று சொல்லித்தர மாட்டேன். அது என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு மேகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த மேகத்துக்கு நாங்கள் எதுவுமே செய்யவில்லை. அதுதான் விஷயமே.

உங்களில் பாதிப் பேர் கணினியை விட்டு நேராக வருகிறவர்கள் என்று கேள்வி. ஆகவே அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வெறும் ஈரத்தால் மேகம் உண்டாவதில்லை. ஒவ்வொரு துளிக்கும் நடுவில் ஒரு தூசியோ உப்போ புகைத் துணுக்கோ இருக்கும். ஈரம் அதைப் பிடித்துக்கொண்டுதான் துளியாகும். காற்றில் புகையும் தூசியும் அளவுக்கு மீறினால், இருக்கிற கொஞ்ச ஈரத்துக்கு ஏகப்பட்ட பங்காளிகள் வந்துவிடுவார்கள். துளிகள் பொடிப்பொடியாகவே நின்றுவிடும். கீழே விழுகிற கனம் எதற்கும் வராது. மேகம் கறுத்துக்கொண்டு வரும், தலைக்கு மேல் நிற்கும், கலைந்து போகும். இதே புனேயில், பாணேரில் உங்கள் பால்கனியில் துணி காயாமல் நாறிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில், கிழக்கே மழை மறைவு மாவட்டங்களில் இதுதான் நடக்கும்.

அப்படிப்பட்ட மேகத்தின் அடியில் பறந்து, இறக்கையில் மாட்டியிருக்கும் ஃபிளேர்களை, அதாவது உப்பு மருந்து அடைத்த குழாய்களை, கொளுத்தினால் உப்புப் புகை மேலே ஏறும். உப்புத் துணுக்குகள் பெரியவை. ஈரத்தை வேகமாக இழுத்துப் பெரிய துளியாகும், பெரிய துளி கீழே விழும். விழும் என்று ஒரு நம்பிக்கை. நிஜமாகவே விழுகிறதா, அல்லது எப்படியும் விழப்போகிற மழைக்கு நாம் பேர் வாங்கிக்கொள்கிறோமா? அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களை அனுப்பினார்கள்.

கண்டுபிடிக்க ஒரே வழிதான். நல்ல மேகங்களில் பாதிக்கு உப்பு போட வேண்டும், பாதிக்குப் போடக்கூடாது, இரண்டிலும் விழுந்த மழையைத் தரையிலிருக்கும் ரேடாரால் அளந்து ஒப்பிட வேண்டும். எதற்குப் போடுவது என்பதை நம்மிடம் விட்டால் மனசு சும்மா இருக்காது, மழை வருகிற மாதிரி இருக்கும் மேகமாகப் பார்த்துப் போடும். அதனால் புனேயில், விமானத்தில் ஏறாத ஒருவர், குலுக்கிப் போட்டு, ஒட்டிய கவர்களாக அடுக்கிக் கொடுத்துவிடுவார். காலையில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கிளம்புவோம். மேகத்தடியில் காற்றை அளந்து, “இது தகுந்த மேகம்” என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கவரைப் பிரிக்கலாம். உள்ளே ‘போடு’ என்று இருக்கும், அல்லது ‘போடாதே’. போடாதே என்று வந்தாலும் விமானம் அதே வட்டத்தை அதே நேரத்துக்குச் சுற்றும், ஒன்றையும் கொளுத்தாமல். தரையில் நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளேர் மாட்டுவது, சுவிட்ச் அழுத்துவது, கருவிகளைக் கவனிப்பது எல்லாம் ஏழுமலையின் வேலை. புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். அவன் பெயரிலுள்ள ழகரம் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை, ஆபீஸ் முழுக்க ‘மலாய்’, அதாவது பாலேடு, என்றே கூப்பிட்டது. “தொப்பையப் பாத்தா மலாய் தின்னு வளர்ந்தவன்னு தெரில?” என்று அவனும் சிரித்துக்கொண்டு போவான். வேலையில் என்னை மேடம் என்பான், டீக்கடையில் அக்கா என்பான். இரண்டையும் அவன் மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை, அந்த ஒரு நாள் வரைக்கும்.

அவன் மனைவி சுனந்தா மராத்திப் பெண். நாங்கள் பறக்கும் எல்லைக்குள்ளேயே அவள் ஊர். அவளுடைய அப்பாவை ஏழுமலையும் பாபா என்றுதான் அழைப்பான். அவருக்கு ஒரு சாத்துக்குடித் தோட்டம் இருந்தது, சுனந்தா பள்ளிக்கூடம் போகும்போது வைத்த மரங்கள். அந்த வருடம் விதைப்புக்கு ஒரு மழை பெய்ததோடு வானம் மூடிக்கொண்டது. கிணறு வற்றி, பண்ணைக் குட்டை வற்றி, டேங்கர் தண்ணீர் ஊற்றி மரங்களை உயிரோடு வைத்திருந்தார். கடைசியில் டேங்கரும் வரவில்லை. இலைகள் சுருள ஆரம்பித்துவிட்டன. அந்த வாரத்துக்குள் ஒரு நல்ல மழை விழாவிட்டால் மரங்களை வெட்டிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று மருமகனிடம் சொல்லியிருந்தார். தோட்டத்தை விட்டால் அவருக்கு வேறு எதுவும் கிடையாது.

அன்று காலை விமானத்தளத்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஏழுமலைக்குப் போன் வந்தது. பேசிவிட்டு வந்தான்.

“பாபாதான்க்கா. மேகம் கட்டுதாம். நம்ம ஃபிளைட் எத்தினி மணிக்குன்னு கேக்குறாரு.”

“அவருக்கு டைம்டேபிள் போட்டுக் கொடுக்க நாம என்ன ஏர்லைன்ஸா நடத்துறோம்?” என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று நாங்கள் சிரித்தது அதோடு சரி.

மேகம் நன்றாகத்தான் கட்டியிருந்தது. கேப்டன் அதன் அடிக்குக் கொண்டுபோனார். கீழே மங்கலாகப் புழுதி, அதற்குள் சதுரம் சதுரமாகக் காய்ந்த வயல்கள். பின்னாலிருந்து ஏழுமலை, “மேடம், வலது பக்கம் பாருங்க. கறுப்புத் தாள் விரிச்ச குட்டை. பாபாவோடது” என்றான். பார்த்தேன். தண்ணீரில்லாத குட்டையில் பிளாஸ்டிக் தாள் வெயிலில் பளபளத்தது. அதை ஒட்டி வரிசையாக மரங்கள். பச்சை என்று சொல்ல முடியாத ஒரு நிறம்.

காற்றை அளந்தோம். துணுக்குகள் மண்டிக் கிடந்தன. கீழிருந்து மேலே இழுக்கும் காற்று பலமாக இருந்தது. உப்பு வேலை செய்யும் என்றால் இந்த மாதிரி மேகத்தில்தான் செய்ய வேண்டும். “இது தகுந்த மேகம்” என்றேன். ஏழுமலை சுவிட்ச் பெட்டியின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டது கண்ணோரத்தில் தெரிந்தது. கவரைப் பிரித்தேன்.

“போடாதே” என்று படித்தேன்.

ஏழுமலை பெட்டியை மூடவில்லை. பிறகு, “அக்கா” என்றான்.

நான் திரும்பவில்லை.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு. போதும், ஒரே ஒரு ஃபிளேர். யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியும்.”

“அப்ப மேகம் சரியில்லன்னு சொல்லிடுங்க. அடுத்த கவர் எடுங்கக்கா. அதுல போடுன்னு இருந்தாலும் இருக்கும்.”

“கவரைப் பிரிச்சப்புறம் மேகம் எப்படிடா சரியில்லாமப் போகும்? சரின்னு சொன்னது இந்த வாய்தானே?”

பிள்ளைகளே, நம் தொழிலுக்கென்றே இருக்கும் திருட்டு இதுதான். யாரும் பொய்யான எண்ணை எழுதுவதில்லை. கவரைப் பார்த்த பிறகு மேகத்தின் மேல் சந்தேகம் வருகிறது, அவ்வளவுதான். பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் வந்திருக்கிறது.

“ஏழுமலை, உப்பு போட்டா மழை வரும்னு ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரியாமத்தானே சுத்திக்கிட்டு இருக்கோம்?”

“தெரியாதுல்ல? அப்ப போட்டாதான் இன்னாக்கா?”

எனக்குச் சுரீர் என்றது. பதில் என்னிடம் இல்லாமல் இல்லை. இன்று ஏழுமலையின் மாமனாருக்காக மாற்றுகிற கவர், நாளை எம்.எல்.ஏ. தோட்டத்துக்காக மாறும். அதன் பிறகு எந்த முடிவைச் சொன்னாலும் அது எங்கள் ஆசையின் முடிவாக இருக்குமே தவிர மேகத்தின் முடிவாக இருக்காது. உப்பால் மழை வருவதில்லை என்றால், வரும் வரும் என்று எத்தனை ஊர்க்காரர்களை அண்ணாந்து பார்க்க வைப்போம்? இதெல்லாம் சரிதான். கீழே மரங்கள் செத்துக்கொண்டிருந்தன, அதுவும் சரிதான்.

“இந்த மேகம் சொல்ற பதில் இன்னும் எத்தனையோ தோட்டத்துக்கு ஆகும்டா. அதுக்காகத்தான். கைய எடு” என்றேன்.

எடுத்துவிட்டான். சுவிட்ச் பெட்டி அவன் மடியில், நான் முன்னால் இருக்கை வாரில் கட்டுண்டு கிடந்தேன். அவன் அழுத்தியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. நான் சொன்னதை நம்பி எடுத்தான்.

கேப்டன் பஞ்சாபி. எங்கள் தமிழ் அவருக்குப் புரியவில்லை, ஆனால் தகராறு என்று மட்டும் புரிந்துவிட்டது. என்ன ஏது என்று என்னிடம் கேட்காமல், என் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, தளத்தை ரேடியோவில் கூப்பிட்டு, “இந்த முறை ஃபிளேர் கிடையாதாம், முழு வட்டமும் போகவா?” என்று கேட்டுவிட்டார். போகச் சொன்னார்கள். கவரில் என்ன வந்தது என்பது தரையிலிருப்பவர்களுக்குத் தெரியவே கூடாது. அது விதி. அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை, என் கவனமெல்லாம் பின் இருக்கையில் இருந்தது.

வட்டம் சுற்றினோம். குட்டை வலப்பக்கம் வரும், போகும், திரும்ப வரும். வட்டம் முடிந்து திரும்பும்போது மேகத்துக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு திரை தொங்கியது. அது மழைதானா, தரையைத் தொட்டதா, பாதி வழியிலேயே காய்ந்துவிட்டதா, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ரேடார் சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கினதும் ஏழுமலை மாமனாருக்குப் போன் போட்டான். அவர்கள் தோட்டத்தில் ஒரு சொட்டு விழவில்லை. அவன் என்னைப் பார்க்காமல் ஃபிளேர்களைக் கழற்ற ஆரம்பித்தான். நான் ரேடார் வண்டிக்கு நடந்தேன். அந்த மேகத்தின் படத்தைக் கொண்டுவந்து அவனுக்குக் காட்ட வேண்டும், பார், இதற்குத்தான் என்று சொல்ல வேண்டும். அவன் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

ரேடாரைப் பார்த்துக்கொண்டவர் குல்கர்ணி. நல்ல மனிதர், வேலையில் சோம்பல் என்பதே தெரியாதவர். ஒரு கெட்ட ஆள் இதைச் செய்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், நன்றாகக் கத்தியிருப்பேன்.

“அந்த மேகத்தோட பதிவா?” என்று இந்தியில் கேட்டார். “அது போடாத மேகம்தானே மேடம்? கேப்டன் ரேடியோவுல சொன்னாரே. நாமதான் அதுக்கு ஒண்ணும் பண்ணலையே, அதுல பார்க்க என்ன இருக்கு? ரேடார் காலையிலேர்ந்து சூடாயிட்டே இருந்தது. சாயங்காலம் போடுற மேகம் வந்தா அப்போ மக்கர் பண்ணக் கூடாதுன்னு அணைச்சு ஓய்வு கொடுத்தேன்.”

சொல்லிவிட்டு, நான் பாராட்டுவேன் என்று நினைத்தோ என்னவோ, லேசாகச் சிரித்தார். எதுவும் செய்யாத மேகத்தைப் பார்க்காமல் விட்டால், எதுவோ செய்த மேகத்தை எதனோடு ஒப்பிடுவது? இந்த எளிய கேள்வி, படித்துப் பட்டம் வாங்கிய ஒருவருக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். உங்களுக்கும் தோன்றாது. கொளுத்திய மேகத்தைப் பார்க்கக் கண்கள் தானாக ஓடும். கொளுத்தாத மேகம் வரும்போது ஒருவர் சாப்பிடப் போவார், ஒருவர் கருவியைத் துடைப்பார், ஒருவர் வீட்டுக்குப் போன் பேசுவார். வேறு எந்தத் தொழிலிலும் சும்மா இருப்பதை இவ்வளவு கவனமாகப் பார்க்கச் சொல்ல மாட்டார்கள்.

திரும்பினால் பின்னால் ஏழுமலை நின்றிருந்தான். கழற்றிய ஃபிளேர்களை எங்கே வைப்பது என்று கேட்க வந்திருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது.

“அப்ப எதுக்குக்கா?” என்றான்.

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருக்கலாம்.

செயற்கைக்கோள் படம் இருக்குமே என்று உங்களில் யாராவது நினைப்பீர்கள். நானும் முட்டி மோதிப் பார்த்தேன். செயற்கைக்கோள் மேலேயிருந்து மேகத்தின் உச்சியைக் காட்டியது. அடியில் எங்கே எவ்வளவு மழை விழுந்தது என்று அதனால் சொல்ல முடியவில்லை. சுற்றுவட்டாரத்தில் மழைமானியும் கிடையாது. புனேக்குத் திரும்பி முடிவுகளை அலசியபோது, பதிவில்லாத மேகம் என்று அதை நீக்கிவிட்டார்கள். நீக்கியது நியாயம்தான், அந்தக் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஆக, அது போட்ட மேகங்களிலும் இல்லை, போடாத மேகங்களிலும் இல்லை. மிச்சமிருந்த மேகங்களை வைத்தும் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. உப்பு போட்டால் மழை வருகிறதா என்று இன்று நீங்கள் என்னைக் கேட்டால், அன்று விமானத்தில் சொன்னதைத்தான் சொல்வேன். எனக்குத் தெரியாது.

தோட்டத்தை வெட்டிவிட்டார்கள். ஏழுமலை பறக்கும் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பட்டறைக்கு மாறிப்போனான். என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. மறுபடி மேடம் என்றே கூப்பிட்டான், டீக்கடையிலும்.

அதற்கடுத்த கணபதி பண்டிகைக்குச் சுனந்தா வீட்டுக்கு அழைத்திருந்தாள். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன், அவள் இரண்டு தரம் போன் பண்ணினாள். கட்கியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் பாயில் உட்கார்ந்திருந்தார். பாபா. ஊரை விட்டு மகளோடு வந்துவிட்டார். பாணேரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை. உங்களில் யாருக்காவது கேட்டைத் திறந்துவிட்டிருப்பார்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். உட்காருங்கள் என்றாலும் கேட்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு மராத்தியில் சொன்னார்: “நீங்கதானே அந்த விமானத்து மேடம்? நான் குட்டைக் கரையில நின்னு துண்டை வீசிட்டே இருந்தேன். நீங்க எங்க தோட்டத்தைச் சுத்திச் சுத்தி வந்தீங்க. எங்க பக்கம் தாசில்தார்கூட வந்ததில்ல தாயி. உங்களால ஆனதைப் பண்ணீங்க. விழாதது எங்க தலையெழுத்து.”

ஏழுமலையைப் பார்த்தேன். அவன் தட்டில் மோதகம் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“அன்னிக்கு நிறையவே போட்டீங்களா?” என்று பெரியவர் என்னிடம் கேட்டார்.

“எல்லாத்தையும் போட்டோம் பாபா” என்றான் ஏழுமலை, நிமிராமல். தட்டை என் கையில் வைத்தான். சாப்பிட்டேன்.

கிளம்பும்போது ஏழுமலை ஆட்டோ பிடித்துக் கொடுக்கத் தெரு முனை வரைக்கும் கூட வந்தான். மூலைக்கு மூலை பந்தல், டோல் மேளச் சத்தம். அது கொஞ்சம் அடங்கியபோது சொன்னான்: “உண்மையச் சொல்லிடலாம்னு எத்தினியோ வாட்டி வாயத் தொறந்துட்டேன்க்கா. போடலன்னு சொன்னாக்கூட தாங்கிக்குவாரு, அவரு அப்பிடிப்பட்ட ஆளுதான். எதுக்குப் போடலன்னு கேப்பாருல்ல? அதுக்கு இன்னா சொல்றது?”

அக்கா என்றுதான் சொன்னான். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அவன் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே வந்துவிட்டேன். இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

இந்த வருடம் நீங்கள் பிரிக்கும் கவர்களில் பாதி, போடாதே என்றுதான் சொல்லும். பிரிக்கும்போது கீழே யாராவது ஒருவர் துண்டை வீசிக்கொண்டு நின்றிருப்பார். அவருக்கு மழை கொடுக்க உங்களால் ஆகாது, அதில் எனக்கு ஒரு மயக்கமும் இல்லை. ரேடாரை மட்டும் அணைத்துவிடாதீர்கள். எதுக்கு என்று அவர் கேட்கும்போது சொல்வதற்கு உங்களிடம் ஒரு பதிலாவது இருக்கட்டும்.